வந்தவர்களுக்கு முதலிலிருந்து

மாடியில் குடியிருப்பவர் என் வீட்டு மணியை அடிப்பதற்கு முன், அடிக்கலாமா என்று குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்கிறார். அவர் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே ஒரு மரப்படிக்கட்டுதான் இருக்கிறது. நான் வெளியே போயிருந்தபோது வந்த என்னுடைய பார்சலை வாங்கி வைத்திருக்கிறார், அதைக் கொடுக்கத்தான் வருகிறார். "நாலு மணிக்கு மணி அடித்தால் உங்களுக்கு வசதியாக இருக்குமா?" என்று கேட்டிருந்தார். "இப்போதே வாருங்கள், சும்மாதான் இருக்கிறேன்" என்று பதில் போட்டேன். அவர் நாலு மணிக்குத்தான் வந்தார். நான் மரியாதைக்காக அப்படிச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துவிட்டாராம். நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரத்தில், இப்படித்தான் வாழ்கிறேன். இங்கே நண்பர் வீட்டில் காபி குடிக்க வேண்டுமானாலும் இரண்டு பேரும் நாட்காட்டியைத் திறந்து தேதி பார்க்க வேண்டும். வந்து பல வருடம் ஆகிவிட்டது. பழகிவிடும் என்று சொன்னவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள்.

இவ்வளவு மரியாதை தெரிந்த நாட்டில், பேசிக்கொண்டிருக்கும் ஆளின் வாய்க்குள் கைவிட்டு வார்த்தையைப் பிடுங்கிப் போடுகிற இடம் ஒன்றும் இருக்கிறது. அது கன்சல்டிங் கம்பெனியின் நேர்காணல். வேலை தேடி வெளிநாட்டில் அலைகிறவர்களுக்கு இது உபயோகப்படலாம். ஊரில் இருப்பவர்களுக்கு, நாங்கள் இங்கே என்ன பாடு படுகிறோம் என்றாவது தெரியட்டும்.

கன்சல்டிங் என்றால் என்ன என்று சொந்த ஊரான பூண்டியில் என் சித்தப்பா கேட்டார். மற்ற கம்பெனிகளுக்குப் போய் யோசனை சொல்கிற வேலை என்றேன். "யோசன சொல்றதுக்கா காசு குடுக்குறாக?" என்று திரும்பக் கேட்டார். அவர் ஆச்சரியத்தில் நியாயம் உண்டு. எங்கள் ஊரில் யோசனை சொல்வதை நிறுத்தச் சொல்லித்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் அந்த வேலையை ஆசைப்பட்டுத் தேடவில்லை. காய்கறி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில், எந்த லாரி எப்போது எங்கே போக வேண்டும் என்று திட்டம் போடும் வேலையில் இருந்தேன். கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே திட்டம் போட ஆள் இருந்தது. என் பிரிவை மூடிவிட்டு, ஆளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். இந்த நாட்டில் நான் தங்கும் அனுமதி வேலையோடு ஒட்டியது. வேலை போனால், வேறு வேலை தேடிக்கொள்ள சில மாதம் விடுவார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊருக்குத் திரும்புவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் திரும்புவதென்றால் என் இஷ்டத்துக்குத் திரும்ப வேண்டும். யாரோ ஒரு அதிகாரி கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி, நான் போகக் கூடாது. இந்த ஒரு பிடிவாதத்துக்காகத்தான் அத்தனை கம்பெனிக்கும் விண்ணப்பம் போட்டேன். பதில் சொல்லிக் கூப்பிட்டது இந்த யோசனைக் கம்பெனி மட்டும்தான்.

கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. யெரோன் என்பவர் கையில் ரொட்டியோடு வந்தார். ரொட்டிக்கு நடுவில் பாலாடைக்கட்டி. அதுதான் இந்த ஊர்க்காரர்களின் மத்தியானச் சாப்பாடு, அதைப் பற்றித் தனியாகத் திட்டி எழுத வேண்டும். கேள்விகள் எழுதிய தாள் எதுவும் அவரிடம் இல்லை. உட்கார்ந்ததும் "யோதி, சொல்லுங்கள்" என்றார். என் பெயர் ஜோதி. இந்த நாட்டு நாக்குக்கு ஜ வராது. என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "எதை வேண்டுமானாலும்" என்றார். படித்த கதையை ஆரம்பித்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்வதற்குள் "ஏன் விவசாயப் படிப்பு?" என்றார். ஏன் என்று சொல்ல வாயெடுத்தால் "அதை விடுங்கள், ஒரு பிரச்சினை தருகிறேன்" என்றார். காய்கறி விநியோகம் செய்யும் ஒரு கம்பெனி. லாரிகள் பாதி காலியாகப் போகின்றன, ஆனாலும் சரக்கு தாமதமாகச் சேருகிறது. ஏன்?

எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். இந்த எழவில்தான் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு லாரியில் இருக்காது, விற்பனை ஆட்களிடம் இருக்கும். லாரியில் சரக்கு ஏற்றிய பிறகும் வாடிக்கையாளர் கேட்டார் என்று ஆர்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதை விளக்க ஆரம்பித்தேன். நடுவில் யெரோன் "அந்தக் கம்பெனி முதலாளிக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றால்?" என்றார். நான் நிறுத்தினேன். நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ரொட்டியைக் கடித்தார்.

நான் எதற்குக் காத்திருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் முழுதாகப் பேச விடுவதில்லை, அது உண்மை. ஆனால் குறுக்கே பேசியவர்தான் பேச்சு எங்கே விட்டுப்போனது என்று நினைவு வைத்திருக்க வேண்டும். அது அவர் பொறுப்பு. "ம், லாரில ஏத்தியாச்சு, அப்பறம்?" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். பேச்சைப் பறித்தவர் பத்திரமாகத் திருப்பித் தருவார். யெரோன் பறித்ததோடு சரி. திருப்பித் தரும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்போது ஒரு பெண் லேப்டாப்போடு உள்ளே வந்து மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, வணக்கம் சொல்லி, காய்கறிக் கம்பெனியின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"இதைத்தான் சொல்லிவிட்டீர்களே" என்றார் யெரோன்.

"இவருக்குத் தெரியாதே" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்க வேண்டும், நான் சார்ஜ் போடத்தான் வந்தேன்" என்றாள். அந்த மாடியில் அந்த அறையின் பிளக் மட்டும்தான் வேலை செய்ததாம்.

கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மாள் வந்தார். அவர்தான் மார்லேன், கம்பெனியின் பங்குதாரர், வேலை தருவதா இல்லையா என்று முடிவு செய்கிறவர். இவர் சார்ஜ் போட வரவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். உள்ளபடி சொன்னால் அதுதான் நான் சொன்னதிலேயே நன்றாக அமைந்தது. தேவையில்லாததெல்லாம் கழன்று விழுந்திருந்தது. ஆனால் யெரோன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மார்லேன் பாதியில் போன் வந்து எழுந்து போனார். திரும்பி வந்தார். அவருக்காக நான் மறுபடி ஆரம்பித்தேன்.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் பூண்டியில் ஒரு ஊர்க்கூட்டத்தைப் பார்த்ததில்லை. கொடைக்கானலுக்கும் அப்பால், மலைமேல் இருக்கும் ஊர் அது. பூண்டும் கேரட்டும் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் விளைந்து கிடக்கும். என் பள்ளிக்கூட நாட்களில் ஒரு வருடம் காட்டுமாடுகள் தோட்டங்களில் இறங்கி எல்லாவற்றையும் மிதித்துப் போட்டன. எல்லோரும் சேர்ந்து வேலி போடுவதா, வனத்துறை அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போடுவதா என்று ஊர் மந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள். விஷயத்தை எடுத்துச் சொல்லும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. அவர் சொல்லி முடிக்கும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஒருவர் வருவார். சித்தப்பா முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதை முடிப்பதற்குள் கடைசி பஸ் வரும், நாலு பேர் இறங்குவார்கள்.

"ஏலே, இப்பத்தான் வர்றியா? உக்காரு. விசயம் என்னன்னா..."

"கேட்டுக்கிட்டேதாண்ணே வந்தேன். மேல சொல்லுங்க."

"அரகொறயாக் கேட்டுப்புட்டு நாளைக்கு வந்து எனக்குத் தெரியாதும்ப. உக்காரு. விசயம் என்னன்னா..."

ஆரம்பத்திலிருந்து கேட்காதவன் முடிவுக்குக் கட்டுப்பட மாட்டான் என்பதுதான் கணக்கு. வருகிற ஒவ்வொருவருக்கும் முழுக்கதையும் சொல்வது அவருக்குக் கொடுக்கிற மரியாதை. கேட்டவர்களும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. முதல் தடவை சொல்லும்போது வனத்துறைக்காரர்களின் தாய் தகப்பன் வரை பேச்சு போகும். இரண்டாம் தடவை தாய் தகப்பன் தப்பித்துக்கொள்வார்கள். ஆள் வர வரக் கெட்ட வார்த்தை குறைந்து, கடைசியில் வேலிக்குக் கம்பு யார் வெட்டுவது என்பது மட்டும் மிஞ்சும். கூட்டம் அப்படித்தான் முடியும். நான் உட்ரெக்டின் கண்ணாடி அறையில் செய்ததும் அதுதான். அங்கே கட்டுப்பட ஒருத்தரும் வரவில்லை, பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சில நாள் கழித்து யெரோன் போன் செய்தார். முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பி, போன் செய்யலாமா என்று கேட்டுவிட்டுத்தான். "நாங்கள் வேண்டுமென்றேதான் குறுக்கே பேசுகிறோம். வாடிக்கையாளர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நீங்கள் தாங்குகிறீர்களா என்று பார்க்கிறோம்" என்றார். அதாவது, காசு வாங்கிக்கொண்டு அவமானப்படப் போகிற வேலைக்கு, காசில்லாமல் ஒத்திகை. "அழுத்தம் வந்தால் நீங்கள் பயந்து ஆரம்பத்துக்கே ஓடிவிடுகிறீர்கள், யோதி."

"நான் ஓடவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மரியாதை கொடுத்தேன்."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, மார்லேன் இன்னொரு தடவை என்னோடு பேச விரும்புவதாகவும், அது வீடியோவில் இருக்கலாம் என்றும் சொன்னார். அந்தத் தேதியில் நான் பூண்டியில் இருப்பேன். அம்மாவுக்கு மதுரையில் கண்புரை அறுவை சிகிச்சை, கூட இருக்கிறேன் என்று எப்போதோ வாக்குக் கொடுத்து, வேலை இருந்த காலத்திலேயே டிக்கெட்டும் எடுத்திருந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்ததும், கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் உதவி கேட்டேன். "அம்மா, நான் இங்கிலீசுல பேசிப் பழகப் போறேன். நடுவுல நடுவுல குறுக்க பேசு" என்றேன்.

"நா எதுக்குடி பேசுறேன். நீ பாட்டுக்குப் பேசு" என்றாள்.

வாழ்நாளெல்லாம் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடாதவள், குறுக்கே பேசச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு பதவிசாக உட்கார்ந்திருந்தாள். நான் தமிழுக்கு மாறி லாரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும்தான் பழைய அம்மா வந்தாள். கண்ணுக்கு மருந்து விட வேண்டுமே என்றாள். விட்டேன். அடுப்பில் பருப்பு என்ன ஆயிற்று பார் என்றாள். பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "ம், ஆர்டர மாத்துறாய்ங்கன்னு சொன்ன" என்று எடுத்துக் கொடுத்தாள். இதனால் எனக்குப் பயிற்சி கெட்டதுதான் மிச்சம். பேச்சைத் திருப்பித் தருகிறவளிடம் பழகிவிட்டு, பிடுங்கிக்கொண்டு போகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

"இந்த வேல கெடைக்கலேன்னா என்ன செய்வ?" என்று கேட்டாள்.

"இங்கதான் வரணும்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, "பூம்பாற முருகனுக்கு வேண்டிக்கிட்டுருக்கேன்" என்றாள்.

"என்னன்னு?"

"நல்லது நடக்கட்டும்னு."

"எது நல்லது?"

"அது அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுதான் எனக்கு வசதி.

பூண்டியில் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால் போன் பேசலாம், வீடியோ எல்லாம் நடக்காது. சித்தப்பா மகள் மலர் கொடைக்கானலில், நாயுடுபுரம் பக்கம், ஒரு காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை காட்டுவது, சுடுதண்ணீர், சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. நெட் நன்றாக வரும், காலியாக ஓர் அறை இருக்கிறது, வா என்றாள். காலை பஸ்ஸில் கிளம்பினேன். "ஒத்தையில எதுக்குப் போற" என்று அம்மாவும் ஏறிக்கொண்டாள். நெதர்லாந்துக்கு ஒற்றையில்தான் போனேன், கொடைக்கானலுக்குத் துணை வேண்டியிருந்தது.

அறையில் மேஜைமேல் லேப்டாப்பை வைத்தேன். அம்மாவைக் காமிராவில் படாத மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீடே தெரியவில்லை. திரையில் மார்லேனும் யெரோனும் வந்தார்கள். முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். யார் வந்தாலும் போனாலும் ஆரம்பத்துக்குப் போகக் கூடாது. குறுக்கே பேசினால், "அதற்கு வருகிறேன், முதலில் இது" என்று சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். அன்று போனில் பேச்சோடு பேச்சாக யெரோனே சொல்லிக் கொடுத்த வைத்தியம்.

குறுக்கே பேசுவதில் மார்லேன் யெரோனுக்கு அக்காவாக இருந்தார். அதே காய்கறிக் கம்பெனி. நான் விற்பனை ஆட்கள் என்றதும், அவர்களை வேலையைவிட்டு எடுக்கச் சொல்வீர்களா என்றார். அதற்கு வருகிறேன் என்றால், எப்போது வருவீர்கள் என்றார். லாரி என்றால், லாரியை மறந்துவிடுங்கள் என்றார். மறந்துவிட்டு ஆர்டருக்குப் போனால், லாரி என்ன ஆயிற்று என்றார். இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஓடியதால் நெட் போகவில்லை, ஆனால் வெந்நீர்க் கெய்சர் நின்றுவிட்டது. வராந்தாவில் யாரோ ஒருவர் சோப்பும் தானுமாக நின்று கத்த, "சார், கரண்டு போனா நா என்ன சார் செய்றது, வெறகடுப்புல போட்டுருக்கேன், வெரசா கொண்டாறேன்" என்று மலரும் கத்தினாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அதற்கு வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த அதற்கு என்று எனக்கே மறந்து போயிருந்தது.

அப்போது சித்தப்பா வந்தார். கேரட் ஏற்றிக்கொண்டு வண்டியோடு கொடைக்கானலுக்கு வந்தவர், மகளைப் பார்க்க எட்டிப் பார்த்திருக்கிறார். நேராக அறைக்குள் வந்து, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கும்பிட்டார். தலையில் மப்ளர். ஸ்வெட்டரில் செம்மண்.

"யார் இது?" என்றார் மார்லேன்.

"என் அப்பாவின் தம்பி."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "என்னத்தா, என்ன விசயமாப் பேசுறாக?"

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. திரையைப் பார்த்து விட்ட இடத்தைத் தேடினேன். சித்தப்பா காத்திருந்தார். ஊர்க்கூட்டத்தில் எத்தனையோ பேருக்கு முதலிலிருந்து சொன்ன ஆள், தனக்குச் சொல்வார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கட்டிலிலிருந்து அம்மா, "சித்தப்பா கேக்குறாருல்ல, சொல்லேண்டி" என்றாள். மார்லேனுக்கு என்ன தோன்றியதோ, "அவர் என்ன கேட்கிறார்?" என்றார். நாம் என்ன பேசுகிறோம் என்று கேட்கிறார் என்றேன். "அப்படியானால் அவருக்குச் சொல்லுங்கள். இதுவரை எங்களுக்குச் சொன்னதை அவருக்கு அவர் மொழியில் சொல்லுங்கள்" என்றார். அதுவும் ஒரு சோதனை. அந்த அம்மாளுக்கு எல்லாமே சோதனைதான்.

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். சித்தப்பாவும் குறுக்கே பேசாமல் இல்லை. "அவுக ஊர்ல கேரட்டு வண்டிக்கு ஏசி உண்டா?" என்றார். "இந்தம்மா வெள்ளாம செய்ற சம்சாரியா, ஆபீசரா?" என்றார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னதும், "சரி, வண்டில ஏத்திட்டாய்ங்க, பெறகு மாத்துறாய்ங்க, மேல சொல்லு" என்று விட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மார்லேனால் நடுவில் புக முடியவில்லை. தமிழில் வாக்கியம் எங்கே முடிகிறது, எங்கே மூச்சு விடுகிறேன் என்று தெரிந்தால்தானே புகுவதற்கு. அந்த நேர்காணல் முழுவதிலும் நான் ஒரு கதையைத் தொடங்கி முடித்தது அந்த ஒரு தடவைதான். சித்தப்பா, "அம்புட்டுத்தான? இதுக்கா இத்தன பேரு?" என்று சொல்லிவிட்டு மகளைத் தேடி எழுந்து போனார்.

"அபாரம். எங்களுக்குச் சொன்னதைவிடப் பாதி நேரத்தில் அவருக்குச் சொல்லிவிட்டீர்கள். எப்படிச் சுருக்கினீர்கள்?" என்றார் மார்லேன்.

"சுருக்கவில்லை. அவர் என்னை முடிக்க விட்டார்."

யெரோன் குனிந்து எதையோ தேடினார். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் நாள் ரொட்டியிலிருந்து சேர்த்து வைத்தது வெளியே வந்துவிட்டது. "நீங்கள் இரண்டு பேரும் கேள்வி கேட்டீர்கள், ஒரு பதிலையும் கேட்கவில்லை. உங்கள் காய்கறிக் கம்பெனிக்கும் இதே வியாதிதான். லாரி கிளம்பிய பிறகு ஆர்டரை மாற்றுகிறீர்கள்" என்றேன். மார்லேன் நன்றி சொன்னார். திரை அணைந்தது.

வேலை போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள், "போனாப் போகுது, வா, சாப்புடுவோம்" என்றாள். அத்தனை வேகமாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மேலத்தோட்டத்தில் பீன்ஸ் போடலாமாம். மலரைப்போல நானும் ஒரு காட்டேஜ் பார்த்துக்கொள்ளலாமாம். குளிரில் ஜன்னலை மூடிவிட்டு, கண் நன்றாகத் தெரிகிறது என்று சிரித்தாள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதிகாரியின் முன்னால் போய் நிற்கப் போகும் நாளை நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டி மேட்டில் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்து கிடந்தது, போன் செய்யலாமா என்று. செய்யலாம் என்றேன். "எதிர்த்துப் பேசுகிறவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்" என்றார் யெரோன். நான் எதிர்த்துப் பேசவில்லை, எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். அந்த நாட்டில் கோபத்தை நல்ல இங்கிலீஷில் சொன்னால் அதற்குத் திறமை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஊரில் அதே வாய்க்கு வேறு பெயர் வாங்கியிருக்கிறேன். வேலை எனக்குத்தான், அடுத்த வாரமே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஓர் அதிகாரியும் இனி என்னைக் கிளம்பச் சொல்ல முடியாது என்று அந்த மேட்டிலேயே சத்தமாகச் சொன்னேன். கேட்க ஒரு பசுமாடுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். கண்ணாடியைக் கழற்றப் போனாள், டாக்டர் கண்ணைத் தொடக் கூடாது என்று சொன்னது நினைவு வந்து கையை இறக்கிக்கொண்டாள். விஷயம் தெரிந்து சித்தப்பா வீட்டிலிருந்து வந்தார்கள். முதலிலிருந்து சொன்னேன். பிறகு எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல யெரோனின் ரொட்டி கதையிலிருந்து விழுந்துவிட்டது, மார்லேன்கூட நல்ல அம்மாளாக மாறிவிட்டார். ஆனால் எத்தனை தடவை சொன்னாலும் கதை ஒரே இடத்தில்தான் முடிந்தது, அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்ற இடத்தில். அந்த வார்த்தை மட்டும் தேயவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது அம்மா எழுந்து ஏதாவது ஒரு பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தாள்.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து ராசாத்தி அக்கா வந்தார். "என்னமோ நல்ல சேதியாம்ல?" என்று உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"நீ இரு. நா சொல்றேன்" என்றாள் அம்மா. "விசயம் என்னன்னா ராசாத்தி, ஒரு வெள்ளக்காரி, நல்ல வயசு, கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துக்கிட்டு இவளப் பேசவே விடல. எங்க கொழுந்தனாரு வந்து பக்கத்துல உக்காந்தாருல்ல, அப்பறம் ஒரு வார்த்த பேச முடியலயே அவளால. இவ மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்புட்டா. இந்தாத்தா வேலன்னு குடுத்துட்டாக."

"அப்ப எப்பக்கா கெளம்புறா?"

"எங்கிட்டுக் கெளம்புறது? எல்லாம் கம்ப்யூட்டர்ல பேசுற சோலிதான. மலரு காட்டேஜுல நெட்டு நல்லாத்தான வருது. வெள்ளனே பஸ்ஸப் புடிச்சுப் போயி பேசிப்புட்டு, பொழுதடைய வீட்டுக்கு வந்துற வேண்டியதுதான். கண்ணுக்கு மருந்து விடவும் ஆளாச்சு."

ராசாத்தி அக்கா என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் என் பெட்டி திறந்து கிடந்தது, மடித்த ஸ்வெட்டர்கள் மேலேயே தெரிந்தன. அம்மா மேலத்தோட்டத்து பீன்ஸுக்குப் போய்விட்டாள், நான் எந்தப் பக்கம் அறை கட்டிக்கொள்ளலாம் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் குறுக்கே பேசவில்லை.